வவுனியாக் காணிக்கு எந்தப் புல்? காட்டுறவு கலந்த நான்கு தீவனங்கள்

2022-இல் பால்மா வரிசையில் நின்ற அலுப்பு பலருக்கு இன்னும் தீரவில்லை போலும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் குடியிருந்துகொண்டு வவுனியாவிலோ மன்னாரிலோ படுவான்கரையிலோ பூர்வீகக் காணி வைத்திருக்கும் வாசகர்கள், நாலைந்து கறவை மாடு வாங்கும் யோசனையோடு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: கோடையிலும் நிற்கிற தீவனம் எது? கேட்கும்போதே நான்கு பெயர்களை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். சீஓ-3, சீஓ-4 என்ற நேப்பியர் கலப்பினம். தீவன இறுங்கு, அதாவது தமிழ்நாட்டார் சோளம் என்று சொல்லும் பயிரின் தீவன வகை. முலாட்டோ என்ற பிரக்கியாரியாப் புல். கடைசியாக, வீதியோரத்தில் சும்மா வளரும் கினிப்புல்லே போதாதா என்ற சந்தேகம்.

நான்கையும் "வறட்சி தாங்கும்" என்றுதான் விற்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் நான்கும் நான்கு விதமாகத் தாங்குகின்றன. அதற்குக் காரணம், நான்கிலும் காட்டுறவுகள் வெவ்வேறு வழியில் கலந்திருப்பது.

காட்டுறவு என்பது பயிரின் சொந்தக்காரச் செடி. மனிதன் கைபடாமல் சகாராவின் விளிம்பிலோ கிழக்கு ஆபிரிக்கப் புல்வெளியிலோ தானாக வாழ்வது. நாம் ஆயிரக்கணக்கான வருடங்களாக இலைக்கும் தானியத்துக்கும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில், பயிர்கள் பல தாங்குகுணங்களை இழந்துவிட்டன. அவை இன்னும் இருப்பது இந்தச் சொந்தங்களிடம். ஆனால் காட்டோடு சம்பந்தம் கலந்தால் சீதனம் மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. வேண்டிய மரபணுவுக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒட்டிக்கொண்டு வரும்: விதை முற்றியதும் உதிரும் குணம், நஞ்சு, களையாகப் பரவும் பிடிவாதம். பயிர்ப்பெருக்கத்தில் உழைப்பவர்களின் காலத்தில் பெரும்பகுதி, வந்ததைத் தக்கவைப்பதில் அல்ல, கூடவே வந்ததைக் கழற்றுவதிலேயே போகிறது. முழுதாகக் கழற்றப்படாமல் மிஞ்சியதைத்தான் நீங்கள் மறைசெலவாகக் கட்டுகிறீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மழை நின்ற பிறகு புல் என்ன செய்கிறது என்பது. சில செடிகள் வறட்சி வருமுன் பூத்துக் காய்த்து முடித்துக்கொள்ளும். சில ஆழத்தில் வேர்விட்டு, இலையைச் சுருட்டி, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்துப் பச்சையாகவே நிற்கும். சில மேலே காய்ந்து, அடித்தூரில் உயிரை வைத்துக்கொண்டு உறங்கும். விஞ்ஞானிகள் மூன்றையும் வறட்சித் தாங்கல் என்ற ஒரே தலைப்பில் எழுதலாம். மாட்டுக்குப் பச்சை இலை கிடைப்பது நடுவில் சொன்னதில் மட்டும்தான். அல்ஃபால்ஃபா என்ற குதிரை மசாலில் இது நன்றாகத் தெரிகிறது. அதன் மஞ்சள் பூப் பூக்கும் காட்டுறவான ஃபல்காட்டா, சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிரையும் வறட்சியையும் தாண்டி உயிர்வாழ்வது. தாண்டும் வழி பெரும்பாலும் உறக்கம். அதைக் கலந்த வகைகளுக்கு உறுதி வந்தது. நெருக்கடியில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்து வந்தது. பிழைத்திருப்பது வேறு, விளைவது வேறு.

இரண்டாவது, நடுபொருள், அதாவது நடுவதற்கான விதையோ தண்டோ, யார் கையில் இருக்கிறது: உங்கள் வரம்பிலா, பக்கத்துப் பண்ணையிலா, கடல் கடந்த ஒரு கம்பனியிடமா. மூன்றாவது, மாட்டுக்கு ஆபத்து. நான்காவது, ஆள். ஐந்தாவது, பிடிக்காவிட்டால் அகற்ற முடியுமா என்பது.

கொழும்பில் இருப்பவருக்கு நான்காவதும் மூன்றாவதும் மற்ற மூன்றையும் விடக் கனமானவை என்பது என் கணிப்பு. காணியில் தினமும் நிற்கும் விவசாயி இந்தக் கட்டுரையை வேறு முடிவோடு எழுதியிருப்பார்.

| | சீஓ நேப்பியர் | தீவன இறுங்கு | பிரக்கியாரியாக் கலப்பினம் | கினிப்புல் |
|---|---|---|---|---|
| காட்டுறவு கலந்த வழி | இரு இனங்களின் மலட்டுக் கலப்பு | சூடான் புல்லோடு கலந்து பொறுக்கியது | கலப்பினத்தை விதைக்குள் பூட்டியது | காட்டுப்புல்லே பயிர் |
| மழை நின்றால் | தண்ணீர் விட்டால் வளரும், விடாவிட்டால் நின்றுவிடும் | இலை சுருட்டிக் காத்திருக்கும், மழைக்குப் பின் தொடரும் | நீண்ட காலம் பச்சை | காய்ந்து உறங்கும், மழைக்கு எழும்பும் |
| நடுபொருள் | தண்டுத்துண்டு | விதை | இறக்குமதி விதை | விதை, தூர் |
| மாட்டுக்கு ஆபத்து | குறைவு | இளம்பயிரில் கடுமை | மாட்டுக்குக் குறைவு, ஆட்டுக்குக் கவனம் | குறைவு |
| ஆள் தேவை | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | குறைவு |
| அகற்றுவது | எளிது | எளிது | நடுத்தரம் | மிகக் கடினம் |

## சீஓ நேப்பியர்: தண்ணீர் உள்ளவனின் புல்

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த வகைகள் இவை. நம் நாட்டில் கறவைப் பண்ணை என்றால் அனேகமாக இந்தப் புல்தான் நிற்கும். யானைப்புல் என்ற நேப்பியருக்கு 28 நிறமூர்த்தங்கள், கம்புக்கு 14. இரண்டையும் கலந்தால் ஒன்று 14 தரும், மற்றது 7 தரும், பிள்ளைக்கு 21. இரட்டையாகச் சேர முடியாத ஒற்றை எண் என்பதால் அது மலடு, விதை பிடிக்காது. ஆகவே தண்டை வெட்டித்தான் நடவேண்டும்.

இந்தச் சம்பந்தத்தில் வறட்சியைத் தாங்கும் குணம் அதிகம் வந்தது, பயிராகிய கம்பின் பக்கத்திலிருந்து. காட்டுப்புல்லான நேப்பியர் தந்தது பருமனும் பல்லாண்டு வாழ்வும். அது ஈரம் கண்டால் பாயும் சாதி. எனவே கலப்பினமும் தண்ணீரைக் குடித்து வளர்வதையே விரும்புகிறது. சீஓ-4 வருடத்துக்கு எக்டருக்கு 380 தொன்னுக்கு மேல் தரும் என்பது பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. அது பாசனமும் பசளையும் குறையாமல் கிடைக்கும் நிலத்துக்கான கணக்கு. அதுவும் பச்சை எடை. இந்தப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 400 கிலோ எடையுள்ள மாடு ஒன்று ஒரு நாளைக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் தின்னும் என்றால், முழுவதையும் இந்தப் புல்லால் நிரப்ப 50, 60 கிலோ வெட்டிச் சுமக்க வேண்டும். ஐந்து மாட்டுக்கு 300 கிலோ. தினமும். தைப்பொங்கலன்றும்.

மறைசெலவு அங்கேதான். கோயம்புத்தூர் சொல்லும் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குப் பதின்மூவாயிரத்துக்கு மேல் தண்டுத்துண்டுகள் வேண்டும்; அவற்றை வெட்டி, லொறியில் ஏற்றி, காயுமுன் நடவேண்டும். நட்டு 75, 80 நாளில் முதல் வெட்டு, பிறகு ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை. ஆள் வராமல் வெட்டு இரண்டு வாரம் பிந்தினால் தண்டு கரும்புபோல் முற்றிவிடும்; மாடு இலையை உருவிக்கொண்டு மிச்சத்தை மிதிக்கும். இன்னொன்று: காணி முழுவதும் ஒரே செடியின் பிரதிகள். கிழக்கு ஆபிரிக்காவில் நேப்பியர்த் தோட்டங்களைக் குட்டையாக்கிய, பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் நோய் பரவிய வழிகளில் ஒன்று, பக்கத்து வீட்டில் வாங்கி நட்ட தண்டு.

நல்ல பக்கமும் மலட்டுத்தன்மையில்தான் இருக்கிறது. விதையில்லாத செடி அயல்காணிக்குப் போகாது. பிடிக்கவில்லையா, தூரைக் கிண்டி எடுத்தால் முடிந்தது.

ஆவணியிலும் வற்றாத கிணறும், காணியிலேயே குடியிருக்கும் ஒரு குடும்பமும் இருந்தால் யோசிக்க வேண்டாம், இதையே நடுங்கள். குளத்துத் தண்ணீரை நம்பியிருப்பவர் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கவேண்டும்: 2016–17-இல் பெரும்போகமே பொய்த்தபோது குளங்கள் எப்படிக் கிடந்தன?

## தீவன இறுங்கு: கெட்டிக்காரப் பயிர், ஆனால் தனியே விடாதீர்கள்

நான்கில் எனக்கு மிகவும் பிடித்ததும், கொழும்பு வாசகர்களுக்குச் சொல்ல மிகவும் தயங்குவதும் இதுதான்.

இறுங்குக்கும் அதன் ஆபிரிக்கக் காட்டுறவுக்கும் இடையில் தானாகவே கலந்து உருவான புல் சூடான் புல். 1909-இல் சூடானிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், வறண்ட சமவெளிகளில் வேகமாகப் பரவியது. மெல்லிய தண்டு, நிறையக் கிளைப்பு, வெட்ட வெட்டத் துளிர்க்கும் குணம் எல்லாம் அதனுடையவை. 1954-இல் இறுங்கில் ஆண்மலட்டு வழி (தாய்ச்செடி தானே நல்ல மகரந்தம் தராத வழி) கண்டறியப்பட்டதும், இறுங்கையும் சூடான் புல்லையும் கலந்து பெருமளவில் விதை செய்ய முடிந்தது. அந்தக் கலப்பின விதையை ஒவ்வொரு முறையும் வாங்கத்தான் வேண்டும். உங்கள் காணியில் எடுத்து விதைத்தால் பிள்ளைகள் தாறுமாறாக வரும். ஆனால் கோயம்புத்தூரின் சீஓ எஃப்எஸ்-29, சூடான் புல்லோடு கலந்த பின் நிலைப்படுத்திய வகை. அதன் விதையை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம். முதல் வெட்டு 65, 70 நாளில்; பிறகு 50 நாளுக்கு ஒருமுறை. விதைக்கு விடும் பாத்தியில் மட்டும் கண் இருக்கவேண்டும்: முற்றியதும் உதிர்ந்துவிடும் காட்டுக் குணம் சூடான் புல் வழியில் இன்னும் எட்டிப்பார்க்கும்.

சோளகக் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் இறுங்குப் பாத்திக்குப் போய்ப் பாருங்கள். மற்றப் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடக்கும்போது இறுங்கின் இலைகள் நீளவாக்கில் குழல்போல் உருண்டு, வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டி நிற்கும். தண்டைத் தடவினால் விரலில் வெள்ளையாக மா ஒட்டும். அது நோய் அல்ல, ஈரம் போகாமல் காக்கும் மெழுகு. ஒரு மழை விழட்டும், இரண்டு நாளில் இலை விரியும், அடியில் இளம்பச்சைத் துளிர்கள் நெருக்கமாக வெடிக்கும்.

அந்த இளம்பச்சைதான் கொல்லும். இறுங்கின் இலையில் டுரின் என்ற பொருள் ஓர் அறையில் இருக்கிறது, அதை உடைக்கும் நொதி வேறோர் அறையில். மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைட்டு பிறக்கிறது. உடலில் கலச்சுவாசம் நின்றுபோகும். இரத்தத்தில் ஒட்சிசன் இருந்தும் கலங்களால் எடுக்க முடியாது. இளம்பயிரிலும் வெட்டிய பின் வரும் துளிரிலும் டுரின் அதிகம். வறட்சியில் வாடிய பயிரில் இன்னும் அதிகம். தழைச்சத்துப் பசளை தாராளமாகப் போட்டிருந்தால் அதற்கும் மேல். அதாவது இந்தப் பயிரை நீங்கள் எதற்காக வாங்கினீர்களோ, அந்த வறட்சிதான் அதை ஆபத்தாக்குகிறது. பூச்சியும் மாடும் தின்னாமல் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. சூடான் புல்லில் இறுங்கைவிடக் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை.

விதி எளியது. இடுப்பளவுக்கு வளருமுன் வெட்டாதீர்கள்; அரை மீற்றருக்குக் கீழ் இருக்கும் பயிரை மாட்டுக்குக் காட்டவே வேண்டாம். பூக்கும் பருவம் பாதுகாப்பானது. வறட்சி முறிந்த முதல் மழைக்குப் பின்னான துளிரைத் தொடாதீர்கள். பசித்த மாட்டை வயலில் விடாதீர்கள், முதலில் வைக்கோல் கொடுங்கள். சைலேஜாக்கினாலும் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்தாலும்) நன்றாகக் காயவைத்தாலும் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும்.

காணியில் நிற்பவருக்கு இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் நீங்கள் நிற்கப்போவதில்லை. வேலைக்கு வைத்தவர் மாறியிருப்பார், புதியவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வன்னியில் வேலியில்லாத காணிக்குள் கட்டாக்காலி மாடுகள் இரவில் இறங்குவதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உங்கள் பாத்தியில் அயலவரின் மாடு செத்துக் கிடந்தால், நட்டஈட்டைவிடப் பெரிய கணக்கு ஒன்று ஊரில் தொடங்கும். ஆகவே இறுங்கின் விலைப்பட்டியலில் முதல் வரி விதை அல்ல, முட்கம்பி வேலி.

அவுஸ்திரேலியாவில் டுரினே இல்லாத தீவன இறுங்கை விகாரத் தெரிவு மூலம் கண்டெடுத்து 2012-இல் அறிவித்தார்கள். காட்டுறவு வழியில் அல்ல. இருக்கும் மரபணுக்களைக் குழப்பி, அதிலிருந்து பொறுக்கிய வழி. அப்படிப்பட்ட விதை நம் கைக்கு வரும் நாளில் இந்தப் பகுதியை மாற்றி எழுதவேண்டியிருக்கும்.

இன்னொரு செலவு படைப்புழு. 2018-இன் இறுதியில் நம் சோளத்தில் (தமிழ்நாட்டாரின் மக்காச்சோளத்தில்) இறங்கிய அந்தப் புழு இறுங்கையும் விடுவதில்லை. மருந்து தெளித்தால் வெட்டுவதற்கு முன் காத்திருக்கும் நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

பாசனம் இல்லை, ஆனால் வேலி இருக்கிறது, நம்பிக்கையான ஒருவர் காணியில் இருக்கிறார், பெரும்போக மழையில் விதைத்து மாசியில் முழுவதையும் வெட்டிச் சைலேஜ் போட்டுவிடும் திட்டம் என்றால், இறுங்குக்கு நிகர் கிடையாது. அப்படிச் செய்தால் பயிர் வறட்சியைச் சந்திப்பதே இல்லை, நஞ்சுக் கவலையும் பெருமளவு தீர்ந்துவிடும்.

## பிரக்கியாரியா: வேறொருவரின் மண்ணுக்குத் தைத்த சட்டை

இனப்பெருக்க வரலாறாகப் பார்த்தால் நான்கில் இதுதான் வியப்பு. பிரக்கியாரியாவின் நல்ல இனங்கள் பலவும் கருவுறாமலே விதை பிடிப்பவை. விதைக்குள் இருப்பது தாயின் அச்சுப் பிரதி. எனவே கலப்பு செய்யவே வழியில்லாமல் இருந்தது. கருவுற்று விதைதரும் ருசிசியென்சிஸ் என்ற இனத்துக்கு நிறமூர்த்தங்கள் பாதிதான் இருந்தன, மற்றவற்றோடு பொருந்தவில்லை. 1980களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் அதன் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கினார்கள்; பூட்டு திறந்தது. அதே பத்தாண்டில் கிழக்கு ஆபிரிக்காவில் நூற்றுக்கணக்கான காட்டு மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. கொலம்பியாவின் காலி நகருக்கு அருகில் உள்ள சியாட் என்ற வெப்பவலய விவசாய ஆய்வு மையம் இவற்றைக் கலந்து முலாட்டோ, முலாட்டோ-2 ஆகியவற்றைத் தந்தது. கலப்பினத்தின் வீரியமும் உண்டு, விதையும் தாயைப்போலவே முளைக்கும். இறுங்குக் கலப்பினத்தில் முடியாதது இதில் முடிகிறது.

வேர் ஆழம், இலை அடர்த்தி, நீண்ட வறட்சியிலும் பச்சை. மேய்ச்சலுக்கு விடலாம், தினமும் வெட்டிச் சுமக்கத் தேவையில்லை. கொழும்பிலிருந்து நடத்துபவருக்கு இது பொன்னான குணம்.

இனி மறைசெலவு. இந்தப் புல்லைத் தெரிவுசெய்தது தென்னமெரிக்கச் சவன்னாக்களுக்காக. அங்குள்ள மண் கடும் அமிலம், அலுமினியம் வேரைச் சுடும். எச்சில் பூச்சி என்ற தத்துப்பூச்சி மேய்ச்சல் நிலத்தை அழிக்கும். எனவே அலுமினியத்தைத் தாங்குவதும் அந்தப் பூச்சியை எதிர்ப்பதும் அங்கே முதல் இலக்குகள். வவுனியாவின் செங்கபில மண்ணோ பெரும்பாலும் நடுநிலைக்கு அருகில். அலுமினியத் தொல்லை இல்லை, அந்தப் பூச்சியின் தொல்லையும் இல்லை. விதையின் விலையில் ஒரு பகுதி, உங்களுக்குத் தேவைப்படாத இரண்டு குணங்களுக்காகப் போகிறது. அதற்கு மாறாக நம் மண்ணின் உண்மையான தொல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்குவது. முலாட்டோ-2 நீர் தேங்கினால் வாடும். பள்ளக்காணியில் போட்டுவிட்டு வறட்சியைக் குறைசொல்லாதீர்கள். அதைக் கொன்றது மழைக்காலமாக இருக்கும்.

விதை நன்றாகப் பிடிக்காத சாதி, ஆகவே விலை கூடியது. தாய்லாந்தின் உபோன் பகுதியில் சிறுவிவசாயிகளை வைத்து விதை உற்பத்தி செய்கிறார்கள். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. தாயைப்போல முளைக்கும் விதை என்பதால் நாமே எடுக்கலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இரண்டு தடைகள்: வகை உரிமை ஒன்று, கையில் சேரும் நல்ல விதையின் சொற்ப அளவு மற்றது.

ஆடும் வளர்க்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு கவனம். இந்தக் குடும்பத்தின் டெக்கும்பென்ஸ் இனத்தில் உள்ள சப்போனின்கள், ஆட்டின் ஈரலைக் கெடுத்து வெயிலில் காதும் முகமும் வீங்கித் தோல் உரியும் நோயைத் தரும். முலாட்டோ-2 இன் வம்சாவளியில் அந்த இனமும் உண்டு. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இதை மட்டுமே தீவனமாக்க வேண்டாம்.

வடிகால் உள்ள மேட்டுக்காணி, சுற்றிவர வேலி, மாடு தானே மேயட்டும் என்ற திட்டம், முதல் வருடத்தில் விதைக்குச் செலவழிக்கக் கையில் காசு. இவை நான்கும் இருந்தால் கொழும்புக்காரருக்கு என் முதல் தெரிவு இதுதான்.

## கினிப்புல்: இலவசம், ஆனால் திருப்பிக் கொடுக்க முடியாது

ஏ-9 வீதியின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்து இங்கேயே குடியேறிவிட்ட காட்டுப்புல். உடவளவையில் யானைகளுக்கு முக்கியத் தீனி. இதுவும் பெரும்பாலும் கருவுறாமல் விதை பிடிப்பது. ஒரு நல்ல தூர் கிடைத்தால் அதன் பிள்ளைகள் எல்லாம் அதேதான்.

இங்கே இனக்கலப்பு நடக்கவில்லை. பிரேசில்காரர்கள் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட தன்சானியா, மொம்பாசா வகைகள் கூட, பிரெஞ்சுக்காரர் ஆபிரிக்காவில் சேகரித்த காட்டுத் தூர்களிலிருந்து பொறுக்கியெடுத்தவை மட்டும். காட்டுறவைப் பயன்படுத்துவது என்றாலே ஆய்வுகூடம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. நூறு தூரை வரிசையாக நட்டு, மூன்று கோடை பார்த்து, நல்லதை வைத்துக்கொள்வதும் இனப்பெருக்கம்தான்.

மறைசெலவு நெருப்பு. வைகாசிக்குப் பின் காய்ந்து நிற்கும் கினிப்புல், வீதியில் எறிந்த ஒரு பீடித் துண்டுக்குக் காத்திருக்கும். புல் எரிந்தாலும் தூர் சாகாது, மழைக்கு எழும்பிவிடும். உங்கள் வேலிக்கட்டையும் தென்னங்கன்றும் எழும்பாது. விதை உதிர்ந்து அயல்வயலுக்குப் போகும். நாட்டின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இது இருப்பது காரணமில்லாமல் அல்ல. ஒருமுறை பிடித்த காணியில் பிறகு உழுந்து விதைக்க நினைத்தால் கஷ்டம்தான்.

ஏற்கெனவே காணியில் கினிப்புல் நின்றால், அதை அழித்து வேறு நடுவதற்கு முன் ஒரு வருடம் இதையே ஒழுங்காக வெட்டிப் பாருங்கள். இல்லாத காணிக்குப் புதிதாகக் கொண்டுபோகாதீர்கள்.

## புல்லை நாமே உருவாக்கினால்?

பால் கம்பனிகளில் இருப்பவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் கேட்பது இது. காணிக்காரர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

காட்டுறவிலிருந்து ஒரு குணத்தைப் பயிருக்குக் கொண்டுவர, சேகரிப்பு, கலப்பு, மறுகலப்பு, பல இடத்துச் சோதனை எல்லாம் சேர்ந்து பத்து வருடம் என்பது சாதாரணம். நோர்வேயின் பணத்தில் 2011-இல் தொடங்கிய உலகளாவிய காட்டுறவுத் திட்டம் ஏறத்தாழ அவ்வளவு காலம் ஓடியது. அதன் தீவனப் பயிர்களில் குதிரை மசாலும் ஒன்று. முடிவில் கையில் வந்தவை பெரும்பாலும் விவசாயிக்குக் கொடுக்கும் வகைகள் அல்ல, இனி இனப்பெருக்கத்தில் பெற்றோராகப் பயன்படக்கூடிய இடைநிலைச் செடிகள். பட்ஜெட் போடுபவர்கள் இதை முதலிலேயே விளங்கிக்கொள்ளவேண்டும்.

சட்டத்திலும் ஒரு மேடு பள்ளம் இருக்கிறது. 2001-இல் ஏற்கப்பட்ட பயிர் மரபுவள உடன்படிக்கையின் பொதுப்பட்டியலில் இறுங்கு, கம்பு, துவரை, பயறு, குதிரை மசால் எல்லாம் உண்டு. பட்டியலின் புல்வகைகளோ அனேகமாக குளிர்நாட்டுப் புற்கள்; பிரக்கியாரியாவும் கினிப்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் அதில் இல்லை. பட்டியலில் உள்ளவற்றை ஒரே மாதிரி ஒப்பந்தத்தில் பெறலாம். இல்லாதவற்றைத் தனி நாட்டிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சு. இதைத் தவிர்க்க ஒரு வாசல் உண்டு: அடிஸ் அபாபாவில் உள்ள இல்ரி என்ற சர்வதேசக் கால்நடை ஆய்வு நிலையமும் கொலம்பியாவில் உள்ள சியாட்டும் வைத்திருக்கும் தீவன விதை வங்கிகள். அவை பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றையும் அதே ஒப்பந்தத்தில் தருகின்றன.

எனக்கு ஆசை வேறு. நம் வரண்ட வலயத்தில் காட்டுப்பயறுகள் பல நிற்கின்றன. நரிப்பயறு ஒன்று, இலங்கையிலிருந்தே அறிவியலுக்கு அறிமுகமான விக்னா அரிடிகோலா இன்னொன்று. துவரையின் காட்டுறவும் இங்கு உண்டு. மாட்டுக்குப் புல் வயிற்றை நிரப்பும். பாலுக்குப் புரதம் வேண்டும், அதற்கு இப்போது நாம் வேலியோரக் கிளிசரியாவை நம்பியிருக்கிறோம். கன்னொறுவையில் 1980களின் இறுதியிலிருந்து தாவர மரபுவள நிலையம் இயங்குகிறது. தீவன ஆராய்ச்சி நடக்கும் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமும் அதே ஊரில்தான். நரிப்பயற்றை வரிசையில் நட்டு, தீவனக் கண்ணோடு பொறுக்கும் வேலைக்கு வெளிநாட்டுக் கலப்பு எதுவும் வேண்டாம். பட்டப்படிப்பு ஆய்வொன்றுக்குத் தலைப்புத் தேடும் தம்பி, தங்கைகள் கவனிக்கலாம்.

## வாங்கும்போது

தண்டுக்கும் உள்நாட்டு விதைக்கும் முதலில் உங்கள் காணி இருக்கும் பிரதேசத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தைக் கேளுங்கள். கொழும்பில் இருந்தபடி விசாரிக்க நாரஹேன்பிட்டவில் தேசிய கால்நடை அபிவிருத்திச் சபை இருக்கிறது. தண்டு எடுப்பதானால் அந்தத் தோட்டத்தை நேரில் பார்த்து எடுங்கள். குட்டையாகி மஞ்சள் அடித்த தூர் ஒன்று தென்பட்டாலும் அங்கே வாங்காதீர்கள். விதை வாங்கினால் ஈரச் சாக்கில் நூறு விதையை முளைக்கவைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குக் காசு கொடுங்கள். பிரக்கியாரியா விதையை உறக்கம் கலைக்க அமிலத்தில் கழுவி விற்பது வழக்கம். கழுவாத விதை என்றால் சோதனையில் முளைக்காமல் உங்களை ஏமாற்றும், கடைக்காரரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சிக்கோ சென்னைக்கோ கல்யாணத்துக்குப் போய்வரும்போது, புடவைகளுக்கு நடுவில் இரண்டு கிலோ இறுங்கு விதையோ பத்துத் தண்டோ மடித்துக்கொண்டு வரும் எண்ணம் மட்டும் வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும், கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்தின் பரிசோதனையும் வேண்டும். தண்டுக்குள் ஒளிந்து வரும் நோய் பெட்டியைத் திறந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. நட்ட பின் வவுனியா முழுவதற்கும் தெரியும். அனுமதிக்கு விண்ணப்பித்து ஆவணியில் விதை கையில் இருக்கவேண்டும் என்றால், சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் கடிதத்தைத் தொடங்குங்கள்.